நிகர எடை

பகலில் கழனிவாசல் கிளையில்
நகைக்கடன் மேசை என்னுடையது.
உரைகல், அமிலக் குப்பி, மில்லிகிராம் தராசு,
மூன்று கட்டம் போட்ட படிவம்:
மொத்த எடை, கழிவு, நிகர எடை.
யார் கழுத்திலிருந்து இறங்கியது என்பதற்குக் கட்டம் கிடையாது.

இரவு பதினொன்றுக்கு மேல்
செக்காலை மாடியறையில்
ஹெட்போனுக்குள் நல்லாண்டி கத்துகிறான்:
"அக்கா, மூணு நாள்தான் ட்ரையல்.
ஞாயித்துக்கிழமை விலை ஏறிடும்.
உரசிப் பாத்துச் சொல்லு."

நாற்பத்திரண்டு லட்சம் கிரெடிட்.
நாங்கள் ஐந்து பேர் நான்கு மாதம்
பெயர்கூட இல்லாத ஒரு கோளின் வளையத்தில்
கல் உடைத்துச் சேர்த்தது.

கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையவில்லை.
முதல் இரவே தட்டான் என்றேன்.
நான்கு இறக்கை, ஒல்லி வால்,
தலை முழுக்கக் கண்ணாடி.
பொன்வேலை செய்கிறவனுக்கும் அதே பெயர்தான் என்பது
நல்லாண்டிக்கு மறுநாள்தான் உறைத்தது.
பால் வண்டி ஓட்டிக்கொண்டே போன் போட்டுச் சிரித்தான்.

சரி, படிவம்.

மொத்த எடை: பதினொரு டன்.
கவசம் தொள்ளாயிரம் என்கிறார்கள்.
அதில் முந்நூறு பின்பக்கத்துக்கு மட்டும்,
ஓடுகிறவனுக்குத்தான் உதவும். கழித்தேன்.
பீரங்கி இரண்டு. ஒன்பதாம் நொடியில் சூடேறி
வாயை மூடிக்கொள்கின்றன,
கல்லுக்கட்டியில் பேரம் படியாத கடைக்காரர் மாதிரி.
கழித்தேன்.
ஏவுகணை ஒன்றே ஒன்று.
அதைக் கழிக்கக் கூச்சமாக இருந்தது.

திருப்பம்?
தேர் ஒரு முடுக்கில் திரும்ப
எத்தனை தோள், எத்தனை கட்டை, எத்தனை கூச்சல்.
இது கட்டைவிரல் அசைவில்
தான் வந்த தடத்தையே எதிரில் பார்க்கிறது.
ஒன்று மட்டும்: வேகம் குறைந்தால்
மூக்கு இடப்பக்கம் சாய்கிறது.
விளம்பரத்தில் அது இல்லை.

இரண்டாம் இரவு நான்கு முறை செத்தேன்.
ஐந்தாவது சாவுக்குச் சிங்கப்பூர் சர்வர் காரணம்,
அதைக் கப்பல் கணக்கில் எழுதவில்லை.

மூன்றாம் நாள் பகலில்
ஒருவர் வளையல் ஜோடி கொண்டுவந்தார்.
கல்லில் உரசினேன், நல்ல தங்கம்.
தராசில் வைத்தேன், கனம் சரி.
மேசையில் தட்டினேன்.
சத்தம் சப்பென்று இருந்தது.
உள்ளே அரக்கு.
"கல்யாணத்துக்குப் போட்டதும்மா" என்றார், அவருக்கே தெரியாது.
கழிவு பதினாறு கிராம் என்று எழுதியபோது
அவர் என் பேனாவைப் பார்க்கவில்லை,
மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு தட்டானைத் தட்டிப் பார்த்தேன்.

மூன்று கனரகக் கப்பல்கள் நடுவே.
கவசம் நாற்பது. பீரங்கி கொதிக்கிறது.
எஞ்சினை அணைத்தேன்.
விளக்கை அணைத்தேன்.
மூச்சையும், தேவையே இல்லாமல்.
உடைந்த சரக்குக் கப்பலின் தகடுகளோடு
இன்னொரு தகடாக,
மூக்கு மெல்ல இடப்பக்கம் சாய, மிதந்தேன்.
அந்தக் கோணல்தான் காப்பாற்றியது.
நேராக நிற்பதைச் சந்தேகிப்பார்கள்.
குப்பை சாயும்.
மூன்று ராடாரும் என்மேல் ஊர்ந்து போயின.
பதினொரு டன்,
அவர்கள் தராசில் ஒரு குன்றிமணிகூட இல்லை.

இதற்கும் கட்டம் கிடையாது.

நல்லாண்டிக்கு எழுதினேன்:
"உனக்கு வேண்டாம், நீ சுட்டுக்கொண்டே இருக்கிறவன்.
எனக்கும் வேண்டாம்,
சும்மா இருந்த அந்த நாற்பது நொடியில்
என் கை எப்படி நடுங்கியது என்று நீ பார்க்கவில்லை.
ஜெயசீலிக்கு வாங்கு.
தேவகோட்டையில் ஐசியு நைட் டூட்டி பார்க்கிறவள்.
எந்த பீப்புக்கு ஓட வேண்டும்,
எந்த பீப்புக்கு உட்கார்ந்தே இருக்கலாம் என்று
அவளுக்குத் தெரியும்."

"நிகர எடை எவ்வளவு போட்ட?" என்று கேட்டான்.

யோசித்துக்கொண்டிருந்தேன், கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.
ஸ்டேஷன் பக்கம் பல்லவன் கிளம்பும் ஹாரன்.
பேட்டரி ஒரு நிமிடம் தாங்கும்.
அதற்குள் ஒரு வரி அனுப்பினேன்:

மீதிக் காசு வந்தால்
இன்னொரு ஏவுகணை போடச் சொல்.
ஒன்று போதாது.